ஆட்டோமேட்டிக் கார்: குமரி மாவட்டத்து ஏற்றத்துக்கு எந்த கியர்பாக்ஸ்?

எங்கள் மாமா சவுதியில் தம்மாமில் 22 வருஷம் இருந்தவர். அங்கே ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக்தான். ஊரோடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு சின்ன கார் வாங்கினார், அதுவும் ஆட்டோமேட்டிக். மூன்றாம் நாள் போன் வந்தது.

"மக்களே, கம்ப்ளெயிண்ட் வண்டியத் தலையில கட்டிட்டானுவ. கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னால பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு. 'பி'ன்னு ஒரு எழுத்தக் காணவே இல்ல. நான் எதுல போட்டு நிப்பாட்ட?"

போய்ப் பார்த்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மாமா அங்கே ஓட்டியது டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸ், இங்கே வாங்கியது ஏஎம்டி வகை. இரண்டுக்கும் ஷோரூமில் ஒரே பெயர்தான்: ஆட்டோமேட்டிக். விற்றவர் வித்தியாசத்தைச் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வருபவர்கள், மூட்டுவலியால் கிளட்ச் மிதிக்க முடியாதவர்கள், புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லாருமே இப்போது கேட்பது ஒரே கேள்வி: எந்த ஆட்டோமேட்டிக் வாங்கலாம்? கம்பெனியைப் பார்ப்பதற்கு முன்னால் கியர்பாக்ஸைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். அதற்கும் முன்னால் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நம் மாவட்டம் பாதி சமவெளி, பாதி மேடு பள்ளம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல்களின் நடுவே சாலை நேராகப் போகும். கல்குளம், விளவங்கோடு பக்கம் கதை வேறு. ரப்பர் தோட்டத்துக்குள் ஏறி இறங்கும் ஒற்றை ரோடு, அதன் முடிவில் செம்மண்ணை வெட்டிக் கட்டிய வீடு, கேட்டைத் தாண்டினால் வானத்தைப் பார்த்து நிற்கிற ஒரு சரிவு. அருமனை, குலசேகரம், திற்பரப்பு பக்கம் போனால் இப்படி எத்தனையோ வீடுகள். அந்தச் சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி, மறுபடி எடுக்க முடிகிறதா என்பதுதான் நான் வைக்கும் முதல் சோதனை.

இரண்டாவது, ஊர்ந்து போகும் நேரம். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே, நாகர்கோவிலில் வடசேரியிலும் வேப்பமூட்டிலும் தினமும் எவ்வளவு நேரம் நகர்ந்து நகர்ந்து நிற்கிறீர்கள்? மூன்றாவது, முந்திச் செல்வது. தக்கலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் முன்னால் ஒரு டாரஸ் லாரி போகாத நாள் கிடையாது. கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் அந்த லாரியைத் தாண்டக் கிடைப்பது சின்ன இடைவெளி. மிதித்ததும் வண்டி கேட்க வேண்டும்.

அப்புறம் காசு. இதில் விலை வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய சாலை வரி விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். மேனுவல் 9.6 லட்சம், அதே காரின் ஆட்டோமேட்டிக் 10.9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காருக்கு வரி 1,24,800 ரூபாய், இரண்டாவதற்கு 1,96,200. ஷோரூமில் 1.3 லட்சம் என்று சொன்ன வித்தியாசம் கையில் வரும்போது 2 லட்சத்தைத் தாண்டிவிடும். இன்சூரன்ஸ் ஏறுவது தனி.

கடைசியாக, ரிப்பேர். அதை ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

## கியர் எப்போது மாறுகிறது

கியர்பாக்ஸ் பெட்டி எந்த வகையாக இருந்தாலும் கியரை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அது முக்கியமாகப் பார்ப்பது இரண்டை: வண்டி என்ன வேகத்தில் போகிறது, உங்கள் வலது கால் எவ்வளவு அழுத்துகிறது. கால் லேசாக இருந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொடும் முன்னேகூட அடுத்த கியருக்குப் போய்விடும், பெட்ரோல் மிச்சம் பிடிக்க. மிதித்தால் 4,000, 5,000 வரை இழுத்துவிட்டுத்தான் மாற்றும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரேயடியாக அழுத்தினால் ஒன்றோ இரண்டோ கியர் கீழே இறங்கி உறுமும். புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இந்த உறுமலுக்குத்தான். அது கோளாறு இல்லை, நீங்கள் கேட்ட இழுவையை அது தருகிறது.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வேகத்தை வைக்க மாட்டார்கள். உதாரணத்துக்கு, 45 கி.மீ.யில் நாலாவது கியருக்கு ஏறினால், திரும்ப மூன்றுக்கு இறங்குவது 35 பக்கத்தில்தான். இல்லாவிட்டால் 45-ஐ ஒட்டி ஓட்டும்போது மூன்றுக்கும் நாலுக்கும் தறி மாதிரி போய் வந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில், மிதிக்கிற அளவுக்கு வேகம் கூடவில்லை என்று தெரிந்ததும் பல வண்டிகள் கீழ் கியரையே பிடித்து வைத்துக்கொள்ளும். "நாப்பதுல போறேன், இன்னும் ரெண்டாவதுலயே நிக்குது" என்று கீரிப்பாறை ரோட்டில் யாராவது குறைப்பட்டால், பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை எந்த இயந்திரத்தால் செய்து முடிக்கிறது என்பதில்தான் ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி என்ற நாலு வகையும் பிரிகின்றன.

## ஏஎம்டி

உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச், அதே பல் சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது 2014-ல் மாருதி செலெரியோ. இன்று வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், டியாகோ, பஞ்ச், கிராண்ட் ஐ10 நியோஸ் என்று சின்ன கார்களில் நிறைய இருக்கிறது.

மாமா சொன்ன "பின்னால பிடிச்சு இழுக்க" உணர்வுக்குக் காரணம் இதுதான்: கியர் மாறும் அந்த அரை நொடி, ஒரு நொடி நேரம் கிளட்ச் விலகி நிற்கும், சக்கரத்துக்கு இழுவை போகாது. மாமா கண்ணாடியில் ஒரு ஜெபமாலை மாட்டியிருந்தார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது அது முன்னால் ஒரு வீச்சு, இரண்டிலிருந்து மூன்றுக்கு மறுபடி ஒரு வீச்சு. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது ஒன்றே ஒன்று: "மாமா, மாறப்போகுதுன்னு தோணும்போது காலை லேசா எடுங்க." மேனுவல் ஓட்டும்போது எல்லாரும் செய்கிற காரியம்தானே. திருவட்டார் போய்த் திரும்புவதற்குள் ஜெபமாலை பாதி அடங்கிவிட்டது.

மைலேஜில் இதை அடிக்க ஆளில்லை. 2024-ல் வந்த டிசையரில் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.79 கி.மீ., ஏஎம்டிக்கு 25.71. மேனுவலை விட விலை சுமார் 45,000 முதல் 60,000 ரூபாய்தான் கூடுதல்.

பிரச்சினை ஏற்றத்தில். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் வண்டி ஒரு சாண் பின்னால் வரும். ஏற்றத்தில் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் இரண்டு நொடி போலப் பிடித்து நிற்கும், அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்தாக வேண்டும். சிலர் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே சரிவில் வண்டியை நிறுத்தி வைப்பார்கள். கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். இதுதான் ஏஎம்டியின் மறைமுகச் செலவு. கிளட்ச் பிளேட் மேனுவலில் தேய்வது போலவே தேயும். மாற்றும்போது பிளேட் செலவோடு முடியாது, கம்ப்யூட்டர் மாட்டி கிளட்ச் ஒட்டும் இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பெரும்பாலான ஏஎம்டியில் 'பி', அதாவது வண்டியை நிறுத்திப் பூட்டும் பார்க் நிலை, கிடையாது. எஞ்சினை அணைக்கும்போது கியரிலேயே விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். நியூட்ரலில் விட்டால் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் துணை.

பட்ஜெட் 10 லட்சத்துக்குள், ஓட்டம் பெரும்பாலும் நாகர்கோவில், கன்னியாகுமரி, சுசீந்திரம் என்று சமதளத்தில், ஓட்டுபவர் ஒருவர்தான், அவரும் மேனுவல் ஓட்டிப் பழகியவர் என்றால் இதை எடுக்கலாம். வீட்டு வாசலே செங்குத்து என்றால் வேண்டாம் என்பேன்.

## டார்க் கன்வெர்ட்டர்

முப்பந்தலில் காற்று எதையும் பிடித்துத் திருகாமலே இறக்கையைச் சுற்றுகிறதே, அதே சங்கதிதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயை வீசும், எதிரே இருக்கும் சக்கரம் அந்த வீச்சில் சுழலும். நடுவில் ஸ்டேட்டர் என்ற ஒன்று திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசைக்கு மடக்கி விடுவதால், புறப்படும் நேரத்தில் எஞ்சினின் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருகும். நின்ற இடத்தில் தேய்வதற்கு கிளட்ச் பிளேட் கிடையாது. அதனால்தான் சரிவில் பிரேக்கை விட்டாலும் வண்டி சட்டென்று பின்னால் ஓடுவதில்லை. மிதமான ஏற்றம் என்றால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே மெல்ல முன்னே ஊரும். மிகவும் செங்குத்தான இடத்தில் இதுவும் பின்வாங்கும், ஆனால் பதறாமல்.

இப்போது பெரும்பாலும் 6 கியர். பிரெஸ்ஸா, எர்டிகா, ஃப்ராங்க்ஸ் டர்போ, சோனெட்டிலும் கிரெட்டாவிலும் டீசல் ஆட்டோமேட்டிக், ஸ்கார்ப்பியோ-என் எல்லாம் இந்த வகைதான். கியர் மாறுவது கைக்குத் தெரியாது, கண்ணுக்கு மட்டும் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் இறங்குவது தெரியும். ஒரு விஷயத்தில் புதியவர்கள் குழம்புவார்கள்: கியர் எண் மாறாமலே முள் இருநூறு முந்நூறு சுற்று இறங்கும். அது லாக்-அப். எண்ணெய் வழியே சறுக்கி வீணாகிற இழுவையைத் தடுக்க, ஓட்டம் சீரானதும் இரண்டு பக்கத்தையும் உள்ளே இறுக்கிப் பூட்டிக்கொள்கிறது.

குறை என்றால் மைலேஜும் விலையும். ஃப்ராங்க்ஸ் டர்போவில் மேனுவலுக்கு 21.5 கி.மீ., ஆட்டோமேட்டிக்குக் கிட்டத்தட்ட 20. நகரத்துக்குள் வித்தியாசம் இன்னும் விரியும். விலை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை கூடும், அப்போதுதான் மேலே சொன்ன 10 லட்ச வரிக் கோடு குறுக்கே வந்து நிற்கிறது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி, "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று சில இடத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம்மூர் வெக்கையிலும் ஏற்றத்திலும் ஓடும் வண்டிக்கு 60,000 முதல் 80,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது. வண்டியோடு வரும் புத்தகத்தில் என்ன எண்ணெய் என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள்.

மேற்குப் பக்கத்து மேட்டு வீடுகள், குடும்பத்தோடு பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுபவர்கள், 10 வருஷம் வண்டியை விற்காமல் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். வயதான அம்மாவோ அப்பாவோ ஓட்டப்போகிறார்கள் என்றாலும் இதுதான்.

## சிவிடி

வீட்டில் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தால் சிவிடியை ஏற்கெனவே ஓட்டியிருக்கிறீர்கள். கூம்பு மாதிரி விரிந்து சுருங்கும் இரண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட், காரில் எஃகு. கியர் என்று தனித்தனியாக எதுவும் இல்லாததால் மாறுவதற்கும் ஒன்றுமில்லை, ஜெபமாலை ஆடவே ஆடாது. ஹோண்டா சிட்டி, அமேஸ், எலிவேட், மேக்னைட் டர்போ இவற்றில் இது உண்டு. கிரெட்டா 1.5 பெட்ரோலில் ஐவிடி என்று சொல்வதும் இந்த இனம்தான். ஹைரைடர் ஹைபிரிட்டில் இ-சிவிடி என்று போட்டிருக்கும்; பெயர்தான் ஒன்று, உள்ளே பெல்ட்டும் இல்லை புல்லியும் இல்லை.

நகரத்துக்குள் இதைவிடச் சுகமான பெட்டி கிடையாது. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஒரு டார்க் கன்வெர்ட்டரும் இருப்பதால் ஏற்றத்தில் எடுப்பதும் சிரமமில்லை. ஆனால் டாரஸ் லாரியைத் தாண்ட ஒரேயடியாக மிதித்தால், எஞ்சின் முதலில் சத்தம் போடும், வேகம் பின்னால்தான் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றை எதிர்த்து அப்படி மிதித்துப் பாருங்கள், காற்றின் இரைச்சலா எஞ்சின் இரைச்சலா என்று தெரியாது. காலை மெதுவாக அழுத்தினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இதற்கென்று தனி எண்ணெய் உண்டு. வேறு எதையாவது ஊற்றினால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் புல்லியில் கோடு விழும், அப்புறம் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர்கள், அவசரமில்லாமல் ஓட்டுபவர்கள், தினமும் வடசேரியையும் செட்டிகுளத்தையும் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

## டிசிடி

இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நாலு தயாராகக் கோர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு கிளட்ச் விலக, மற்றது பிடிக்க, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். வென்யூ டர்போ, ஐ20 என் லைன், விர்டஸ் 1.5 இவற்றில் கிடைக்கிறது. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு நாலுவழிச் சாலையில் வரும்போது மற்ற மூன்றும் இதற்கு முன்னால் நிற்க முடியாது.

ஆனால் ஊர்ந்து போகும்போது இதுவும் கிளட்ச்சைப் பாதி ஒட்டித்தான் வண்டியை நகர்த்துகிறது. உலர் கிளட்ச் என்றால் சூட்டைத் தணிக்க எண்ணெயும் கிடையாது. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் மத்தியான வெயிலில் அரை மணி நேரம் அடி அடியாக நகர்ந்தால் பெட்டி சூடாகிவிட்டது என்று மீட்டரில் எச்சரிக்கை வரலாம். முன்வண்டியோடு ஒட்டாமல் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளி கிடைத்த பிறகு ஒரே மூச்சில் நகர்வதுதான் இதை ஓட்டும் முறை. பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும். 2022-ல் வந்த ஆல்ட்ராஸ் டிசிஏ போன்றவற்றில் கிளட்ச் எண்ணெயில் முங்கியிருக்கும், சூட்டை அது இன்னும் நன்றாகத் தாங்கும். வாங்கும்போது உலரா, ஈரமா என்று கேளுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு இதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோ கிளட்ச் ஜோடியோ போனால் செலவு லட்சத்தைத் தாண்டலாம். அதனால் கூடுதல் வாரண்டி போடாமல் டிசிடி வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓட்டுவதை ரசிப்பவர்கள், நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள் வாங்கலாம். செங்குத்து வாசலும் சந்தை நெரிசலும் இரண்டும் உள்ளவர்கள் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஏஎம்டி | டார்க் கன்வெர்ட்டர் | சிவிடி | டிசிடி |
|---|---|---|---|---|
| சரிவில் நிறுத்தி எடுப்பது | கவனம் தேவை | மிக எளிது | எளிது | கவனம் தேவை |
| நெரிசலில் ஊர்வது | குலுக்கல் உண்டு | நன்று | மிக நன்று | சூடேறும் |
| லாரியை முந்துவது | தாமதம் | நன்று | சத்தம் முதலில் | மிக வேகம் |
| மைலேஜ் | மேனுவல் அளவு | கொஞ்சம் குறையும் | நன்று | நன்று |
| விலை | குறைவு | அதிகம் | அதிகம் | அதிகம் |
| பெரிய ரிப்பேர் | தாங்கலாம் | அபூர்வம், வந்தால் பெரிது | முழுப் பெட்டி | லட்சக்கணக்கில் |

மின்சாரக் காரை இதில் சேர்க்கவில்லை. அதில் மாறுவதற்கு கியரே இல்லை.

## டெஸ்ட் டிரைவில்

ஷோரூம்காரர் காட்டும் நேர் ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். எவ்வளவு பின்னால் வருகிறது, எடுக்கும்போது எவ்வளவு குலுங்குகிறது என்று பாருங்கள். ரிவர்ஸிலும் ஒரு தடவை. இறக்கத்தில், கியரை நாமே மாற்றும் 'எம்' நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வருவது நல்லதல்ல.

சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கியர்பாக்ஸை இங்கேயே திறப்பீர்களா, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவீர்களா? அனுப்புவோம் என்றால், வண்டி நடுவழியில் நின்றால் இழுத்துப் போவது யார் செலவு என்றும் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி, எஞ்சின் சுற்றும் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக்கூடாது. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி இரண்டிலும் எண்ணெய் ஓடாமல் பெட்டி கெட்டுப்போகும். தூக்கி வைத்துக் கொண்டுபோகும் லாரிதான் வர வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் மறந்துவிட வேண்டியதுதான், பேட்டரி போனால் கேபிள் போட்டே எடுக்க வேண்டும்.

மாமா வண்டியை மாற்றவில்லை. வாங்கிய உடனே விற்றால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இப்போது வாசல் சரிவில் பாதியில் நிற்பதே இல்லை, கேட்டைத் திறக்க அத்தையை முன்னாலேயே இறக்கி விட்டுவிட்டு ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார். மேலே போய் எஞ்சினை அணைக்கும்போது கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இறங்கி வந்து பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் வைக்கிறார்.